ஆண்டுப் பயணக் காப்பீடு முதியவர்களுக்குப் பொருந்துமா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக் காப்பீட்டுத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான், திருச்சிராப்பள்ளியில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் உள்ள மூத்தவர்கள் வெளிநாடு புறப்படும் முன் தங்கள் பாலிசி ஆவணத்தைக் கொண்டுவந்து என்னிடம் வாசிக்கக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் காப்பீடு எடுப்பதா, அல்லது வருடத்துக்கு ஒன்றாக எடுத்துவிடுவதா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு வேண்டிய தகவல்கள், பணம் கட்டும் முன்பு அவர்கள் கைக்கு வந்து சேருவதில்லை. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு. மகளோ மகனோ அங்கே இருந்தால், பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறைக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை என்று பெற்றோர் போய், பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்களின் வழக்கம் வேறு. பத்தாண்டு விசா கையில் இருந்தாலும் அத்தனை நீண்ட விமானப் பயணத்தை உடம்பு அடிக்கடி தாங்காது என்பதால், வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் போகிறார்கள். போனால், குறிப்பாக மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால், குடியேற்ற அதிகாரி அனுமதிக்கும் ஆறு மாதத்தையும் முழுமையாக இருந்துவிட்டே வருகிறார்கள். இரு சாராரும் தங்களை அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் என்றே முகவரிடம் சொல்கிறார்கள். முகவரும் இருவருக்கும் ஒரே ஆண்டுத் திட்டத்தை எடுத்துக் காட்டுகிறார்.

அந்தத் திட்டம் வருடம் முழுவதும் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்று அதில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. சில திட்டங்களில் அது 30 நாள், சிலவற்றில் 45 அல்லது 60 நாள், அபூர்வமாக 90 நாள். அந்த நாள் தாண்டியதும், பாலிசி இன்னும் பல மாதங்களுக்கு உயிரோடு இருந்தாலும், அந்தப் பயணத்துக்கு அது உதவாது. மீண்டும் இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து புறப்பட்டால்தான் அடுத்த பயணத்துக்கான காப்பு தொடங்கும்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், மனைவியோடு நியூஜெர்சிக்குப் போகும்போது இப்படி ஓர் ஆண்டுத் திட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாலிசியின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த கடைசித் தேதிக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது. ஆயினும் 45ஆம் நாளோடு அந்தப் பயணத்துக்கான காப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. ஒப்பந்தப்படி நிறுவனம் சொன்னது சரி என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வேதனை. அந்த நிபந்தனை உள்பக்கத்தில் இருக்கத்தான் செய்தது. ஆறு மாதத்துக்குத் திரும்பும் பயணச் சீட்டு எடுத்திருக்கிறார் என்று தெரிந்தும், விற்றவர் அதை அவரிடம் சொல்லவில்லை. மருத்துவமனைக்குத் தர வேண்டிய பணத்தை மகன் இன்றும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த ஆசிரியருக்கு அன்று தேவைப்பட்டது 180 நாள் வரை செல்லும் ஒற்றைப் பயணக் காப்பீடு. அதுவும் சந்தையில் இருந்தது.

வெளிநாட்டில் முதியவர் ஒருவர் காப்பீடின்றி நோயுற்றால் அவருக்குக் கைகொடுக்க அநேகமாக யாரும் இல்லை என்பதை ஆணையம் அறியும். அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் விருந்தினராக வந்திருக்கும் பெற்றோருக்குக் கிடையாது. பிரிட்டனில் விபத்து மற்றும் அவசரப் பிரிவில் அளிக்கும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வார்டில் சேர்க்கப்பட்டுவிட்டால் நம்மைப் போன்ற பார்வையாளரிடம் தேசிய சுகாதாரச் சேவையின் கட்டண விகிதத்தில் 150 விழுக்காடு வசூலிக்கப்படுகிறது. சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளில் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஆகையால் காப்பீடு வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தக் காப்பீடு யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் தவறு நடக்கிறது.

விசா விதிகளும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு தேவை; பலமுறை நுழைவு விசா கேட்பவர், முதல் பயணத்துக்கு மட்டும் காப்பீட்டைக் காட்டினால் போதும், பின்வரும் பயணங்களுக்கும் தாமே எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டும். குறுகிய ஐரோப்பியப் பயணங்களை வருடத்தில் சில முறை மேற்கொள்ளும் முதியவருக்கு ஆண்டுத் திட்டம் இங்கே நன்றாகவே பொருந்துகிறது. பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கவரும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தரும் சூப்பர் விசாவுக்கோ குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பு, ஓராண்டுக்குச் செல்லும்படி இருக்க வேண்டும் என்பது விதி. ஓராண்டு என்று இங்கும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பலமுறைப் பயணத்துக்கான ஆண்டுத் திட்டத்தையே அதற்கும் எடுத்துவிடலாம் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மகன் வீட்டில் பல மாதம் தொடர்ந்து தங்கப்போகிறவருக்கு, ஒரு பயணத்துக்கு 45 நாள் என்ற திட்டத்தால் என்ன பயன்?

சிங்கப்பூருக்கு மட்டும் போய்வருகிறவருக்கும் ஆண்டுத் திட்டம் எப்போதும் இலாபம் என்று சொல்லிவிட முடியாது. ஒற்றைப் பயணக் காப்பீட்டில் ஆசிய நாடுகளுக்கென்று குறைந்த பிரீமியத்தில் தனிப் பிரிவு உண்டு. ஆண்டுத் திட்டங்கள் பெரும்பாலும் உலகம் முழுவதுக்குமாகவோ, அமெரிக்காவும் கனடாவும் நீங்கலான உலகத்துக்காகவோதான் விற்கப்படுகின்றன. தாம் போகவே போகாத நாடுகளின் மருத்துவச் செலவுக்கும் சேர்த்து அவர் பிரீமியம் கட்டுகிறார். வருடத்தில் இரண்டு முறை சிங்கப்பூர் போகிறவர் இரண்டு ஒற்றைப் பயணப் பிரீமியங்களைக் கூட்டிப் பார்த்தாலே வேறுபாடு புரிந்துவிடும். நான்கைந்து முறை போகிறவர், அல்லது அதே வருடத்தில் சிங்கப்பூருக்கு இரண்டு முறையும் ஐரோப்பாவுக்கு ஒரு முறையும் போகிறவர் என்றால் கணக்கு மாறும். இந்தக் கணக்கைப் போடுவது கடினமே இல்லை. ஆனால் இரண்டு விலைகளையும் ஒரே இடத்தில் அருகருகே காட்டும் விண்ணப்பப் படிவம் எதையும் நான் கண்டதில்லை.

மூத்தவர்கள் விஷயத்தில் ஆணையம் மிகுந்த கவனத்தோடு ஆராய வேண்டியது, வருடத்தின் நடுவில் வரும் நோய். ஜனவரியில் ஆண்டுத் திட்டம் எடுத்த 68 வயதுக்காரருக்கு மே மாதத்தில் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அனுமதியோடு அவர் செப்டம்பரில் மகளைப் பார்க்கப் போகிறார். அங்கே நெஞ்சுவலி வருகிறது. அந்த இதய நோய், காப்பீட்டின் கண்ணில் முன்பே இருந்த நோயா? பாலிசி தொடங்கிய தேதியை வைத்துப் பார்த்தால் இல்லை. அப்படிப் பார்ப்பதுதான் ஆண்டுத் திட்டத்தால் முதியவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய நன்மை, ஏனென்றால் செப்டம்பரில் அவர் புதிதாக ஒற்றைப் பயணக் காப்பீடு கேட்டிருந்தால் ஸ்டென்ட்டைப் பற்றி அறிவித்தே ஆக வேண்டும், காப்பும் சுருங்கியிருக்கும் அல்லது மறுக்கப்பட்டிருக்கும். மாறாக, ஒவ்வொரு பயணம் தொடங்கும் தேதியை வைத்துப் பார்க்கும்படி ஆவணத்தில் எழுதியிருந்தால் அந்த நன்மை முழுவதும் போய்விடுகிறது. இடையில் வந்த நோயை நிறுவனத்துக்குத் தெரிவிக்கக் கடமை உண்டா, தெரிவித்தால் காப்பு தொடருமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பிரீமியத்தில் சில ஆயிரம் ரூபாய் கூடுவதும் குறைவதும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓர் எழுபது வயதுக்காரர் ஆண்டுத் திட்டத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை இந்த ஒரு நிபந்தனையே தீர்மானிக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, காப்பீட்டுத் துறையிலேயே காலம் கழித்த எனக்கே ஆவணத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லாத முதியவர் எங்கள் பக்கத்தில் அரிது. பல திட்டங்களில் முன்பே இருக்கும் நோய்க்கான செலவு, உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும், அதுவும் மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதி வரைதான் தரப்படுகிறது. அதோடு 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை நாளுக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு இவ்வளவு என்று உள்வரம்புகளை வைக்கிறார்கள். முதல் பக்கத்தில் 1,00,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்வரம்புகளைக் கூட்டிப் பார்த்தால் அமெரிக்க மருத்துவமனையில் அந்தத் தொகையை எட்டுவதற்கு வழியே இராது. அந்தத் தொகை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கிடைப்பதா, வருடம் முழுவதுக்கும் சேர்த்தா என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது.

வயது பற்றி ஒரு சொல். 2024 ஏப்ரல் முதல் மருத்துவக் காப்பீடு வாங்க வயது வரம்பு தடையாக இருக்கக் கூடாது என்று ஆணையம் வழி திறந்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றும் ஆணையிட்டீர்கள். இந்த இரண்டுக்காகவும் எங்களைப் போன்றவர்கள் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். பயணக் காப்பீடும் சட்டப்படி மருத்துவக் காப்பீட்டு வணிகத்தின் ஒரு பகுதியே. ஆயினும் ஆண்டுப் பயணத் திட்டங்கள் பலவற்றின் கதவு 70 வயதை ஒட்டி மூடிவிடுகிறது. ஆண்டாண்டாகப் புதுப்பித்து வந்து, ஒருமுறைகூட இழப்பீடு கோராத ஒருவர் பிறந்தநாள் ஒன்றைக் கடந்ததற்காக வெளியேற்றப்படுவதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூடுதல் பிரீமியம் கேட்கட்டும், மருத்துவப் பரிசோதனை கேட்கட்டும். விண்ணப்பத்தையே வாங்க மறுப்பது வேறு.

ஆணையத்திடம் நான் வேண்டுவது இவைதாம். மருத்துவக் காப்பீட்டுக்கு 2024 ஜனவரி முதல் வாடிக்கையாளர் தகவல் தாளை எளிய வடிவில் கொண்டுவந்து, கேட்பவருக்கு உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று சொன்னீர்கள். பயணக் காப்பீட்டில் அத்தகைய தாள் ஒன்று, பணம் பெறும் முன்பே, தமிழில் கேட்டால் தமிழில் தரப்பட வேண்டும். ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் என்பது அதன் முதல் வரியில், பாலிசியின் முடிவுத் தேதி அச்சிடப்படும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். முன்பே இருக்கும் நோய் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுபோல ஆணையமே வரையறுத்து, அது பாலிசி தொடங்கும் தேதியாகவே இருக்கும்படி செய்ய வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர் விண்ணப்பிக்கும்போது அவர் திரும்பி வரும் தேதியைக் கட்டாயம் கேட்டு, அது திட்டத்தின் நாள் வரம்பைத் தாண்டினால் விற்பனையை நிறுத்தி, ஒற்றைப் பயணத் திட்டத்தைக் காட்ட வேண்டும். விமானச் சீட்டு விற்கும் இணையதளங்கள் காப்பீட்டை முன்கூட்டியே தேர்ந்து வைக்கக் கூடாது என்று 2019இல் தடுத்தவர்கள் நீங்கள். அந்தத் தளங்களிலேயே இந்தச் சோதனையை வைக்கச் சொல்வதும் உங்களால் முடியும்.

இழப்பீடு மறுக்கப்பட்டவர் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம் என்பதை நான் அறிவேன். அவர் 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அதிகாரம் பெற்றவர் என்பதும் தெரியும். ஆனால் ஆசிரியரின் வழக்கைப் போன்றவற்றில் நிபந்தனை எழுத்தில் இருப்பதால் குறைதீர்ப்பாளரும் கைபிசைய வேண்டியிருக்கிறது. விற்கும் நேரத்திலேயே தடுக்க வேண்டிய தவறு இது. வரும் கோடை விடுமுறைக்கு எங்கள் பக்கத்து முதியவர்கள் பலர் பயணச் சீட்டு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் குறைந்தபட்சம் நாள் வரம்பை முதல் வரியில் அச்சிடும் ஆணையையாவது பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொதுக் காப்பீட்டு ஊழியர்,
திருச்சிராப்பள்ளி.