பராக்கிரமனை மேசைக்குத் திரும்ப விடுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற நம் வாரக்கடைசி ஆட்டக் கூட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அண்மையில் அனுப்பிய புதிய விதிகளில் கடைசி விதியைப் பற்றி எழுதுகிறேன். கதையின் தீவிரத்தைக் கெடுக்கும் காமெடி கேரக்டர்களுக்கு இனி எந்த மேசையிலும் இடமில்லை என்கிறது அது. எதனால் அப்படி ஒரு விதி வந்தது என்பது எனக்கும் தெரியும். இன்னொரு மேசையில் நடந்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அந்த விதியைக் காட்டி எங்கள் மேசையிலிருந்து நான் ஆடும் கேரக்டரான பராக்கிரமனை நீக்கியிருக்கிறீர்கள், அதுவும் வாரக்கணக்கில் தொடரும் எங்கள் கதை, அதாவது கேம்பெயின், பாதியில் இருக்கும்போது. விதியைத் திரும்பப் பெறுங்கள். ஒரு கேரக்டர் தங்களுக்குப் பொருந்துமா என்பதை அந்தந்த மேசையில் கதையை நடத்தும் டிஎம்மும் (டஞ்சன் மாஸ்டர்) ஆட்டக்காரர்களும் முடிவு செய்யட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

நீங்கள் யாரும் எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதால் பராக்கிரமனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவு ஆலைக்காரரின் மகன். ஊருக்குள் புகுந்த காட்டுப்பன்றி ஒன்றை ஒருமுறை விரட்டியவன். குழந்தையாக இருந்தபோது பாட்டி பாடிய தாலாட்டில் 'உலகாள வந்தவனே' என்று ஒரு வரி வரும். தாலாட்டில் எந்தப் பிள்ளைதான் ராஜா இல்லை? பராக்கிரமன் மட்டும் அதைத் தனக்காகவே சொல்லப்பட்ட தெய்வவாக்கு என்று நம்பிவிட்டான். அதன் பிறகு அவன் நினைவில் அந்தப் பன்றி அசுரனாகிவிட்டது, போகிற ஊரெல்லாம் அவன் ராஜ்யமாகிவிட்டது. அடி வாங்கினால் அது விதி தனக்கு வைக்கும் சோதனை. அவன் பொய் சொல்வதில்லை. சொல்கிற ஒவ்வொன்றையும் மனதார நம்புகிறான்.

இப்படி ஒரு ஹீரோவை நான் விதிகளை மீறி உருவாக்கவில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், பகடை உருட்டாமல் கேரக்டர் அமைப்பவர்களுக்கு, அதன் ஆறு திறன்களுக்காக 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள் தரப்படுகின்றன. அந்த 8 எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். நான் அதை விஸ்டம் என்ற விவேகத் திறனில் வைத்தேன். மனிதர்களை எடைபோடும்போதும், ஆபத்தை முன்கூட்டியே உணர முயலும்போதும் பகடையில் விழும் எண்ணில் அவனுக்கு ஒன்று குறையும். அவ்வளவுதான். அடுத்து, 2014இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஃபோக் ஹீரோ (ஊர் மக்களின் நாயகன்) என்ற பேக்ரவுண்ட், அதாவது கேரக்டரின் முன்கதை வகை, இருக்கிறது. அதற்குரிய குறைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தன் தலைவிதி மகத்தானது என்று உறுதியாக நம்பி, தன் குறைகளும் தோற்றுப்போகும் வாய்ப்பும் கண்ணில் படாதவன் என்ற பொருளில் ஒன்று அதில் அச்சாகியிருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, தேர்ந்தெடுத்தேன். அந்தக் குறையை நன்றாக நடித்தால் இன்ஸ்பிரேஷன் என்ற பரிசைக் கொடுக்கலாம், அதைச் செலவிட்டு இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டி அதிகமானதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே கையேடு டிஎம்மிடம் சொல்கிறது. விதிநூல் பரிசு கொடுக்கச் சொல்லும் ஒன்றுக்கு நீங்கள் தடை போட்டிருக்கிறீர்கள்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை முதலில் வெளியிட்டபோது ஒவ்வொரு திறனுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டினார்கள், 3 முதல் 18 வரை எதுவும் விழலாம். புத்தி குறைந்த வீரனும் கை நடுங்கும் மந்திரவாதியும் அன்றைய மேசைகளில் சர்வசாதாரணம். குறையுள்ள ஹீரோ இந்த ஆட்டத்துக்குப் புதியவன் அல்ல.

சரி, கதையின் தீவிரத்துக்கு வருவோம். பாலத்தில் காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் மறித்த அன்று மற்றவர்கள் புதரில் பதுங்கினார்கள். பராக்கிரமன் நேராகப் பாலத்தின் நடுவே போய் நின்று, தன் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக அறிவித்து, சரணடைய அவகாசம் தந்தான். மிரட்டலுக்கு உருட்டிய டி20இல் விழுந்தது 3. காப்ளின்கள் அவனைச் சூழ்ந்துகொண்டன. சங்கிலிக் கவசத்துக்கு 16, கேடயத்துக்கு 2, ஆக அவனை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், அதாவது ஆர்மர் கிளாஸ், 18. சில அடிகள் கேடயத்தில் பட்டுப் போயின, சில உடம்பில் விழுந்தன. அவன் நகரவில்லை. எதிரிக்கு ஐந்தடிக்குள் கூட்டாளி ஒருவர் நின்றால் பதுங்கித் தாக்கும் வகைக் கேரக்டரான ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதம் கிடைக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று அந்தக் கூட்டாளி அவன்தான். எங்கள் ரோக் குறிஞ்சி புதரிலிருந்து வந்து காப்ளின் தலைவனை வீழ்த்தினாள். 'என் பெயரைக் கேட்டே நெஞ்சடைத்துப் போனான்' என்றான் பராக்கிரமன். மேசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டால் அவன் நம்பிக்கை உடைந்து, ஒரு கோமாளி மட்டும் மிஞ்சியிருப்பான்.

அதே பராக்கிரமன்தான் எரிந்துபோன கிராமத்துக்கும் வந்தான். மற்றவர்கள் வீடுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடிவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். அவன் மட்டும் மண்வெட்டியை எடுத்தான். இவர்கள் என் குடிமக்கள், இவர்களை அடக்கம் செய்யாமல் ஒரு அரசன் எப்படிப் போவான் என்று கேட்டான். அந்த ஊரில் ஒருவருக்கும் அவன் அரசன் இல்லை. ஆனால் மற்ற நால்வரும் ஒன்றும் பேசாமல் வந்து குழி தோண்டினார்கள். எங்கள் கேம்பெயினில் அதைவிடத் தீவிரமான கட்டம் எதுவும் இல்லை என்று எங்கள் டிஎம் சொல்வார், கேட்டுப்பாருங்கள். தன்னை ராஜா என்று தவறாக நம்புகிறவன் இல்லாவிட்டால் அந்தக் கட்டமே வந்திருக்காது.

ஏமாந்த ஹீரோவை ஆடுவதற்கு ஒழுங்கு வேண்டும். ஹீரோவுக்குத் தெரியாதது எல்லாம் ஆட்டக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மடத்தனத்தின் விலையை முதலில் ஹீரோதான் கொடுக்க வேண்டும், அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. இன்னொருவர் திட்டம் போட்டு மெதுவாகப் பதுங்கிப் போகும்போது கத்திக் கெடுக்கலாமா என்றால், அந்த ஆட்டக்காரரைக் கேட்ட பிறகுதான் கெடுக்கலாம். அவர் வேண்டாம் என்றால் பராக்கிரமன் அன்று தன் ராஜ்யத்தின் எல்லையை அளக்கப் போயிருப்பான். ஆட்டம் தொடங்கும் முன் கூடிய எங்கள் செஷன் ஜீரோவில் இவை அனைத்தையும் உட்கார்ந்து பேசினோம். யாருக்காவது ஒரு கட்டம் சங்கடமாக இருந்தால் தொட்டு நிறுத்துவதற்கு எக்ஸ் கார்டும் மேசையில் வைத்திருந்தோம். பராக்கிரமனுக்காக ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

நீங்கள் பயப்படும் ஆள் வேறு. கடைக்காரரைக் கொன்றுவிட்டு, கூட்டாளியின் பையில் கைவிட்டுவிட்டு, 'என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்' என்று தோளைக் குலுக்குபவர். அவர் காமெடி கேரக்டரோடும் வருவார், இருண்ட பழிவாங்கும் வீரனோடும் வருவார். பிரச்சினை அவர் நடத்தையில் இருக்கிறது. நடத்தைக்கு விதி போடுங்கள், நானே முதலில் கையெழுத்து போடுகிறேன்.

இந்தத் தடையால் எங்கள் மேசையில் அதிகம் இழந்தது நான் இல்லை. குறிஞ்சியை ஆடுபவர் ஒரு கல்லூரி மாணவி. சேர்ந்த புதிதில் தன் முறை வந்தால் 'அட்டாக் பண்றேன்' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். எண்ணைச் சொல்வார், பகடையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். பாலத்துச் சண்டைக்குப் பிறகு, காப்ளின் தலைவனைத் தன் பெயர்தான் கொன்றது என்று பராக்கிரமன் பெருமை பேசியபோது, அவர் முதல்முறையாகக் குறிஞ்சியின் குரலில் பேசினார். 'மன்னா, உங்கள் பெயர் முதுகில் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது' என்றார். அன்றிலிருந்து குறிஞ்சிக்கு ஒரு வேலை வந்தது. அவனுக்குப் பின்னால் நின்று உண்மையில் நடப்பதைப் பார்ப்பவள் அவள். எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது என்று முடிவெடுப்பவளும் அவளே. அந்த மாணவி வீட்டில் உட்கார்ந்து குறிஞ்சியின் பழைய கதையை எழுதிக்கொண்டு வந்தார். அதில் குறிஞ்சியின் தாயும் அதே தாலாட்டைத்தான் பாடியிருந்தாள். அந்த மலைப்பக்கத்தில் எல்லாத் தாயும் பாடுகிற பாட்டு அது. பராக்கிரமனுக்கு எந்தத் தெய்வவாக்கும் கிடையாது என்பதை மேசையில் அறிந்த ஒரே கேரக்டர் குறிஞ்சி. அதை அவனிடம் சொல்வதா, சொன்னால் அவன் என்ன ஆவான் என்று யோசித்து, அடுத்த வாரம் அந்தக் கட்டத்தை ஆடலாம் என்று டிஎம்மிடம் கேட்டு வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் உங்கள் விதி வந்தது. பராக்கிரமன் இரவோடு இரவாகக் காணாமல்போனதாக டிஎம் சொல்ல வேண்டியிருந்தது. நான் ஒரு ஒழுங்கான ஃபைட்டரோடு, ஒரு சாதாரணப் போர்வீரனோடு, வந்து உட்கார்ந்தேன். நன்றாக அடிப்பான், சரியான இடத்தில் நிற்பான், குறிஞ்சி அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த மாணவி எழுதிவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது தன் முறை வந்தால் மறுபடியும் எண்ணை மட்டும் சொல்கிறார். கேட்டால் பரவாயில்லை என்கிறார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. கோபமாக இருக்கிறது.

நம் மரபுக்கும் இது புதிதில்லை. விராட நாட்டு இளவரசன் உத்தரன் அந்தப்புரத்தில் நின்று, தேரோட்ட ஒருவன் மட்டும் கிடைத்தால் கௌரவர் படையைத் தனியாளாக ஓடவைப்பேன் என்று முழங்கினான். படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து அவன்தான் ஓடினான். பிருகன்னளையாக வேடமிட்டிருந்த அர்ஜுனன் துரத்திப் பிடித்தான், வன்னி மரத்தில் மறைத்துவைத்த காண்டீவத்தை எடுக்க அவனையே மரத்தில் ஏற்றினான். உத்தரனின் வெற்று வீராப்பு இல்லையென்றால் அர்ஜுனன் அன்று வெளிப்பட்டிருக்க மாட்டான். எங்கள் மேசையில் பராக்கிரமன் குறிஞ்சிக்குச் செய்ததும் அதைத்தான். ஆங்கில உலகத்தில் பார்த்தாலும், 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் கணினி ஆட்டத்தின் மின்ஸ்க் தன் வெள்ளெலியை அண்டவெளியிலிருந்து வந்த ராட்சத இனத்துக் குட்டி என்று நம்புகிறவன். அவன் முதலில் பிறந்தது ஒரு மேசை ஆட்டத்தில். 2023இல் வந்த மூன்றாம் பாகத்திலும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரோக், ஃபைட்டர் போன்ற கேரக்டர் வகைகளில் எந்தக் கிளாஸோடு எந்தக் கிளாஸைச் சேர்த்தால் ஒரு சுற்றில் அதிகச் சேதம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருபவர்களை நீங்கள் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் கேரக்டருக்குப் பெயர் இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, யாரையாவது நேசிக்கிறானா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. தன் முறை முடிந்ததும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்காருபவரால் கதையின் தீவிரம் கெடவில்லையா? டிஎம் வில்லனின் மரணத்தை விவரிக்கும்போது சேதக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவரால் கெடவில்லையா? இப்போது கேரக்டரின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டை முன்கூட்டியே உங்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறீர்கள். மேசைகளை நடத்தும் டிஎம்கள் தங்கள் சனிக்கிழமைகளை இதற்காகக் கொடுக்கிறார்கள், கதை எழுதுகிறார்கள், வரைபடம் வரைகிறார்கள். அவர்கள் தீர்ப்பின் மீது உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் வேறு யார் மீது இருக்கிறது?

கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தை ஒன்றுசேர்த்து நடத்துவதில் உங்களுக்கு இருக்கும் சிரமம் எனக்குத் தெரியும். இடம் பிடிப்பது, புதியவர்களை மேசைகளில் சேர்ப்பது, வாரம் தவறாமல் வருகிற சண்டைகளைத் தீர்ப்பது என்று எல்லாம் உங்கள் தலையில்தான். அதனால்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு வழியையும் சொல்கிறேன். கேரக்டர் வகையைத் தடை செய்யும் அந்த விதியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மேசையும் செஷன் ஜீரோவில் தன் கதை எப்படிப்பட்டது, எந்த அளவு சிரிப்பு வேண்டும் என்று பேசி முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு வரி போதும். அதை மீறி மற்றவர் ஆட்டத்தைக் கெடுப்பவரை டிஎம் எச்சரிக்கட்டும், அதற்கும் அடங்காவிட்டால் உங்களிடம் சொல்லட்டும்.

அடுத்த மாத ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் மேசையின் ஐந்து பேரும், டிஎம்மும் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். உடனே விதியை மாற்ற முடியாவிட்டால், பாதியில் நிற்கும் கேம்பெயின்களுக்காவது விலக்கு கொடுங்கள். டிஎம் பராக்கிரமனைச் சாகடிக்கவில்லை, காணாமல்தான் போயிருக்கிறான். உங்கள் அனுமதி வந்தால் அடுத்த சனிக்கிழமையே குறிஞ்சி அவனைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். அந்தத் தாலாட்டைப் பற்றி அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த மாணவி முடிவு செய்யட்டும். தயவுசெய்து அந்த வாய்ப்பை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
பராக்கிரமனை ஆடுபவன்