ஒரு கப் எத்தனை கிராம்?

அன்புள்ள பாப்பா,

"ஒரு கப்புன்னா எத்தனை கிராம்பா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். எதை என்று சொல்லவே இல்லையே! தண்ணீர் என்றால் ஒரு மில்லிக்கு ஒரு கிராம், வேலை முடிந்தது. உலர்ந்த சாமான்கள் அவ்வளவு லேசில் பிடி கொடுக்காது. ஒரே கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம் நிற்கும். பொடித்த சர்க்கரை 120, ஓட்ஸ் 90 தான் வரும். துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றையும் சேர்த்துத்தானே கப் அளக்கிறது.

இதில் வம்பு பிடித்தது மைதா. டப்பாவுக்குள் கப்பை விட்டு ஒரே அள்ளாக அள்ளினால், மாவு அமுங்கி 140, சமயத்தில் 150 கிராம்கூட வந்துவிடும். முதலில் கிளறிவிட்டு, ஸ்பூனால் பொலபொலவென்று கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் தலை தட்டிப் பார். 120, 125 கிராமில் நிற்கும். இரண்டு கப் மைதா கேட்கும் கேக்கில் இந்த வித்தியாசம் 50 கிராமைத் தாண்டலாம். கேக் வறண்டு போனதும் நாம் திட்டுவது என்னவோ ஓவனைத்தான். இன்னொன்று, சலித்த மாவில் ஒரு கப் என்பதும், ஒரு கப் அளந்து சலிப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் மாவு குறைவு.

அப்புறம், கப்பே ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கக் கப் 240 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன்கூட 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. குறிப்பு எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்.

ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் உப்பு அதே ஸ்பூனில் பாதிதான் வரும். உப்பை மாற்றினால் ஸ்பூன் கணக்கை நம்பாதே.

ஆனால் பேக்கிங் பவுடர், ஈஸ்ட் மாதிரி சிட்டிகைச் சாமான்களுக்கு ஸ்பூனே போதும். சாதாரண டிஜிட்டல் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் நகரும். 4 கிராம் பேக்கிங் பவுடரில் ஒரு கிராம் தவறினால் கால் பங்கு போச்சு.

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். காலிக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கு. உன் கப்பால், உன் கை வாக்கில் மைதாவை மூன்று தடவை தனித்தனியாக அளந்து எடை போட்டு, சராசரியை டப்பா மேலேயே மார்க்கரால் எழுதி வை. நடுவில் போன் பேசப் போய்விடாதே. சில தராசுகள் தானாக அணைந்துவிடும், போட்ட பூஜ்யமும் போய்விடும்.

கப் கணக்கு மட்டும் உள்ள குறிப்பு என்றால், மைதாவுக்கு 120 கிராமில் ஆரம்பி. நன்றாக வந்த அன்றைக்கே கிராமைப் பக்கத்தில் குறித்துவிடு. பிறகு பாதி அளவு செய்தாலும் ஒன்றரை மடங்கு செய்தாலும், முக்கால் கப்பில் பாதி எவ்வளவு என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உன் கப்பில் மைதா எவ்வளவு வந்தது என்று போனில் சொல். 150 என்றால் அள்ளியிருக்கிறாய், கேட்டதுமே கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா