நானும் காயில்தான் கட்டுகிறேன், அப்பா

எர்லாங்கன், ஜெர்மனி
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலம் அறிய ஆவல். போன வாரம் போனில், “அங்க போயும் காயிலுதான் கட்டறயா கண்ணு?” என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் யாரோ எரிந்துபோன மோட்டாரைக் காயில் கட்ட உங்கள் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கச் சட்டமே இடம் தராது. தெரு அமைதியாகக் கிடக்கிறது. வாசலில் பனி. ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம் அப்பா, காயில்தான். ஆனால் உங்களுடையதைப் போல எனாமல் கம்பி, இரும்புக் கோர், வார்னிஷ் எதுவும் கிடையாது. செம்புப் பட்டையில் ஒரே ஒரு சுற்று. அதையும் நான்கைந்து இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் மிளகு அளவில் ஒரு கண்டென்சரைப் பற்றவைப்பேன். இப்படிப் பல வளையங்களை ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி ஒட்டுவோம். அதற்குள் முழங்காலை நுழைத்துக்கொண்டு எம்ஆர்ஐ மெஷினில் படுக்க வேண்டும். மெஷினின் காந்தத்தின் பலம் 7 டெஸ்லா. நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் பெரும்பாலும் 1.5தான்.

பழைய ரேடியோவில் கேங் கண்டென்சரைத் திருப்பி ஸ்டேஷன் பிடிப்பீர்களே, வேலை அதேதான். இந்தக் காந்தத்தில் உடம்புத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் சுமார் 298 மெகாஹெர்ட்ஸில் பேசும். உப்பில் இருக்கும் சோடியம் 79க்குப் பக்கத்தில் பேசும். வழக்கமான ஸ்கேன் ஹைட்ரஜனை மட்டும் கேட்கிறது. என் காயில் இரண்டு ஸ்டேஷனையும் பிடிக்க வேண்டும்.

சோடியம் எதற்கு என்று அம்மா கேட்பாள். அம்மா, உன் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்துவிட்டது, ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியவே தெரியாது. அது தேய்ந்த பிறகு எலும்புகள் நெருங்கிவிட்டதுதான் தெரியும். அந்த ஜவ்வுக்குள் எதிர் மின்னூட்டம் கொண்ட நீளமான மூலக்கூறுகள் இருக்கின்றன. நேர் மின்னூட்டம் கொண்ட சோடியத்தை அவை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரால்தான் ஜவ்வு மெத்தைபோல உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. தேய்மானம் தொடங்கும்போது முதலில் குறைவது இந்த மூலக்கூறுகள்தான். கூடவே சோடியமும் குறையும். ஆனால் ஜவ்வின் கனம் அப்போதும் அப்படியே இருக்கும். அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு.

பாடு என்று சொன்னது ஏனென்றால், ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் சோடியத்தின் குரல் ஆயிரக்கணக்கான மடங்கு சின்னது. அதிலும் ஒரு பங்கு ஓரிரு மில்லி செகண்டில் அடங்கிவிடும். அதனால் சோடியம் வளையங்களை உள்ளே, தோலை ஒட்டி வைப்போம். ஹைட்ரஜன் வளையங்கள் வெளியே. இருபது நிமிஷம் ஆடாமல் படுத்தாலும் சோடியம் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஜவ்வின் கனமே ஏறக்குறைய அவ்வளவுதான்! எது ஜவ்வு, எது எலும்பு என்று ஹைட்ரஜன் படம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். நடுவில் காயிலை மாற்றினால் கால் நகர்ந்துவிடும், இரண்டு படமும் பொருந்தாது.

ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால், ஹைட்ரஜனுக்கு அனுப்பும் அலை உள்ளே இருக்கும் சோடியம் வளையத்தில் கரண்ட் ஓட வைத்துவிடும். முழங்காலுக்குப் போக வேண்டியது போகாது. அதற்கு வளையத்தின் நடுவே குட்டிக் காயில் ஒன்றையும் கண்டென்சர் ஒன்றையும் பேரலலாகப் போட்டு, 298இல் டியூன் செய்வோம். அந்த ஃப்ரீக்வன்சிக்கு அது மூடின கதவு. சோடியத்துக்கு வழி விடும். ஆனால் குட்டிக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் சோடியத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அந்தக் கொஞ்சத்தை மீட்கத்தான் என் மாதங்கள் போகின்றன.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலை ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து வளையங்கள் ஒன்றோடொன்று பேசக் கூடாது. அதற்கு ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் சரியான அளவுக்கு ஏறி உட்கார வேண்டும். அவை பேசிக்கொண்டிருந்தால், அளந்து பார்க்கும் கருவியின் திரையில் கோடு இரண்டு குழியாக இறங்கி நிற்கும். விரல் நுனியால் செம்பை அரை மில்லிமீட்டர் தள்ளுவேன். குழிகள் நெருங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் இரண்டும் சேர்ந்து ஒரே குழியாகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப் ஒட்டுவேன். அப்புறம் என் காலையே உள்ளே விட்டுப் பார்ப்பேன். காலும் உப்புத் தண்ணீர்தானே, குழி நகர்ந்து அகலமாகும். அதற்கு ஏற்ப மறுபடி டியூன் செய்ய வேண்டும்.

நவம்பரில் ஒரு படத்தில் ஓரமாகக் கறுப்புத் தீற்றல் வந்தது. மூன்று நாள் எல்லாக் கண்டென்சரையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், நான் பற்றவைத்த ஒரு கனெக்டரில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் இருந்தது. அது சுற்றிலும் காந்தப் புலத்தைக் கெடுத்துவிட்டது. “பித்தளைன்னு சொல்லி இரும்புக்கு முலாம் போட்டுக் குடுப்பான், காந்தத்த வெச்சுப் பாரு” என்று மோட்டாருக்குப் புஷ் வாங்கும்போதெல்லாம் சொல்வீர்களே, அன்று ராத்திரி அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது என் மேஜையில் நூலில் கட்டிய காந்தம் தொங்குகிறது. ஒரு ஸ்க்ரூகூட அதைத் தாண்டாமல் காயிலுக்குப் போவதில்லை.

போன மாதம் ரயிலில் வூர்ட்ஸ்பர்க் போய், 1895இல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த லேபைப் பார்த்தேன். அவர் மனைவியின் கை எலும்பும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அம்மாவின் முழங்கால்தான் நினைவில் இருந்தது.

அம்மா, உன்னிடம் மறைக்கவில்லை. இந்தக் காயில் உன் வலியைக் குறைக்காது. தேய்ந்த ஜவ்வை வளர்க்கும் மருந்தும் இன்னும் வரவில்லை. அப்படி ஒன்று வந்தால், வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க இது உதவும். உனக்கு இப்போது தொடைச் சதைதான் துணை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னார்களே, அதை விட்டுவிடாதே. அப்பா, பக்கத்தில் இருந்து எண்ணுங்கள், அவள் ஐந்தோடு எழுந்துவிடுவாள்.

கடையில் இருக்கும் அந்தப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகன்