கற்பனையில் ஒரு மனைவி, எதிரில் ஒரு மனைவி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமலே மாடி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, சனி ஞாயிறில் பேரனோடு வந்துவிடுகிறாள், அந்த இரண்டு நாளும் வீட்டில் எனக்குப் பேச நேரமே கிடைப்பதில்லை, அவன்தான் பேசுகிறான்.

ரிட்டயர் ஆன பிறகு ராத்திரியில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர், ‘மை வேர்ல்ட் அண்ட் வெல்கம் டு இட்’. 1969 செப்டம்பரில் என்பிசி சேனலில் தொடங்கி ஒரே ஒரு சீசன், மொத்தம் 26 எபிசோடு, அவ்வளவோடு நிறுத்திவிட்டார்கள். அதில் ஜான் மன்றோ என்று ஒரு கார்ட்டூனிஸ்ட், மன்ஹாட்டனைட் என்ற கற்பனைப் பத்திரிகைக்கு வரைகிறவன், மனைவி எல்லன், மகள் லிடியா, அப்புறம் நாய். ஆபீசில் ஆசிரியர் படுத்துகிறார், வீட்டில் யாரும் தன்னை மதிப்பதில்லை என்று அவனுக்கு ஒரு தீராத நினைப்பு. பேசிக்கொண்டே இருக்கும்போது மனம் எங்கோ போய்விடும், அவன் கற்பனையெல்லாம் கோட்டோவியமாகத் திரையில் எழுந்து நடமாடும், நடுவில் கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுவான். நீ கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு விடிய விடியப் படம் போட்டவன் இல்லையா, முதல் எபிசோடு பார்த்த உடனே உன் ஞாபகம்தான்.

அந்தக் கோடுகள் எல்லாம் ஜேம்ஸ் தர்பரின் படங்களை வைத்துச் செய்தவை. நியூயார்க்கர் என்ற அமெரிக்க வாரப் பத்திரிகையில் 1927-இலிருந்து இருந்தவர், எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட். சின்ன வயதில் அண்ணன் தம்பிகள் வில் அம்பு விளையாடியபோது அம்பு பட்டு ஒரு கண் போயிற்று, மற்ற கண்ணும் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் காலப் படங்களைப் பெரிய பெரிய தாளில் தடித்த கோடாகத்தான் வரைய முடிந்தது, 1951 வாக்கில் அதுவும் நின்றுவிட்டது. அவர் போகிற போக்கில் கிறுக்கி எறிந்த காகிதங்களைப் பொறுக்கி எடுத்து, இதை அச்சில் போடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அதே பத்திரிகையில் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் ஈ. பி. வைட். தர்பர் ஒழுங்காக வரையக் கற்றுக்கொள்ளப் பார்த்தபோது, வேண்டாம், நன்றாக வரைய ஆரம்பித்தால் நீ சுமாரான ஆளாகிவிடுவாய் என்று தடுத்தவரும் அவர்தான். அந்த மாதிரி ஒரு நண்பன் அமைவது பெரிய கொடுப்பினை.

தர்பரின் சீல் (கடல்நாய்) படம் உனக்குத் தெரியுமோ என்னவோ. கட்டிலில் கணவனும் மனைவியும் படுத்திருக்கிறார்கள், தலைமாட்டுப் பலகைக்கு மேலே ஒரு சீல் எட்டிப் பார்க்கிறது, சரி, சீல் குரைத்தது உங்களுக்குக் கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி எரிந்து விழுகிறாள். தர்பர் வரைய நினைத்தது பாறைமேல் ஒரு சீல். கோடு கோணி, பாறை கட்டில் பலகை மாதிரி ஆகிவிட்டது, அதனால் கட்டிலையும் புருஷன் பெண்டாட்டியையும் கீழே சேர்த்துவிட்டார். 1932-இல் அது அச்சில் வந்ததும் அவர் பேர் எங்கும் பரவிவிட்டது.

இப்போது நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். தர்பருடைய உலகத்தில் பெண்கள் பெரிய உருவம், ஆண்கள் குட்டி உருவம். அவருடைய ஒரு படத்தில் ஆள் ஒருவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான், அந்த வீட்டின் பின்பக்கமே மனைவியின் பிரம்மாண்டமான முகமாக மாறி அவனை முறைத்துக்கொண்டிருக்கிறது. தொடரின் ஆரம்பக் காட்சிக்கும் அந்தப் படம்தான் மூலம். அதைப் பார்த்தபோது, இது மனைவியைத் திட்டும் வழக்கமான கதையாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் கோடு மறைந்து ஜோன் ஹாட்ச்கிஸ் எல்லனாக எதிரில் வந்து நின்றால், அந்தப் பெண் நிதானமானவள், நியாயமானவள், கணவன் எந்தக் கனவில் இருக்கிறான் என்று தெரிந்தே சாப்பாடு எடுத்து வைக்கிறவள். முறைக்கிற முகம் முழுக்க முழுக்க மன்றோவின் மண்டைக்குள் இருப்பது. கோட்டில் வரையப்பட்டவளையும் நிஜத்தில் வாழ்கிறவளையும் அடுத்தடுத்து நம் கண்ணெதிரே நிறுத்திவிடுகிறார்கள், எது நிஜம் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது, அவனுக்கு மட்டும் தெரிய நேரமாகிறது. தர்பரிடம் இருந்த கசப்பைத் தொடர் எடுத்தவர்கள் மூடி மறைக்கவில்லை, அது யாருடைய கசப்பு என்று காட்டியிருக்கிறார்கள். அதற்காகவே தொடரை உருவாக்கிய மெல்வில் ஷேவல்சனையும் தயாரித்த டேனி ஆர்னால்டையும் கும்பிடலாம்.

லிடியாவாக வருவது லிசா கெரிட்சன் என்ற சிறுமி. இப்படி ஒரு குழந்தை நடிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. கேள்வி கேட்டே அப்பனை மூலையில் நிறுத்துவாள், அதில் துளி கூட அதிகப்பிரசங்கித்தனம் தெரியாது. அப்பா பேச்சோடு பேச்சாகக் கனவுக்குள் போகும்போது பெரியவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், இவள் மட்டும் காத்திருப்பாள்.

மன்றோவாக வில்லியம் விண்டம். அவர் மூஞ்சியில் ஒரு தோற்ற களை இருக்கிறது, அதோடு ஒரு பிடிவாதமும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த மனிதனிடம் கோபப்பட முடியவில்லை. தொடர் நின்ற பிறகும் தர்பரை அவர் விடவில்லை, தர்பரின் எழுத்துகளை வைத்துத் தனி ஆளாக மேடையேறி ஊர் ஊராகப் பல வருஷம் நடித்தார்.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பாய். இது வந்த அதே திங்கட்கிழமை ராத்திரி ஏழரை மணிக்குப் போட்டிச் சேனலான சிபிஎஸ்ஸில் கன்ஸ்மோக் என்ற கௌபாய் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் இரண்டாவது இடம் அதற்குத்தான். முதலிடம் பிடித்த லாஃப்-இன் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி இதே என்பிசியில் இதற்கு அடுத்த நிகழ்ச்சி, அந்தப் பலமும் கை கொடுக்கவில்லை. 1970 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கொடுத்தபோது சிறந்த நகைச்சுவைத் தொடர் இதுதான், சிறந்த நகைச்சுவை நடிகர் விண்டம்தான், ஆனால் அதற்குள் தொடரை மூடிவிட்டிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. 1972 கோடையில் சிபிஎஸ் மறுஒளிபரப்பு செய்தது. எந்தத் தொடரிடம் தோற்றதோ அதே சேனலில்!

வெளியே அலையாமல் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாய், இதைத் தேடிப் பார்க்க அதைவிட நல்ல சமயம் வராது. தனியாகப் பார்க்காதே, தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், எல்லனைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும், என் வீட்டில் சொன்னதை அதற்கப்புறம்தான் உனக்கு எழுதுவேன். அடுத்த கடிதத்தின் ஓரத்தில் பேனாவாலேயே ஏதாவது ஒரு படம் போட்டு அனுப்பு. கை பழக்கம் விட்டுப் போச்சு என்று காரணம் சொல்லாதே, கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்