இரண்டு கண், இரண்டு வெள்ளை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பேறித்தனம் இல்லை, இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்துதான் தொல்லை, நாளைக்கு ஆறு தடவை.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தால் கொடியில் ஒரு வெளிர்நீல வேட்டி. யாருடையது என்று கேட்டேன். "உங்களோடதுதான் மாமா. நாங்க சொன்னா நீங்க கேட்டாத்தானே?" என்று சிரிக்கிறாள் மருமகள். இரண்டு வருடமாக வெள்ளையெல்லாம் எனக்குப் பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. சோப்பைத் திட்டிக்கொண்டு, சொட்டு நீலத்தை நானே தாராளமாக விட்டு அலசியிருக்கிறேன். இப்போதும் இடது கண்ணை மூடினால் அந்த வேட்டி பளிச்சென்ற வெள்ளை!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பாயே, அது ஞாபகம் வந்தது. எதை வைத்து விசாரிப்பது? இரண்டு கண்ணுக்கும் வழக்கு. தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு கண் வேண்டும், அதை நம்பலாம் என்று சொல்ல நான்காவது. ஏறத்தாழ 1,800 வருடங்களுக்கு முன்பே செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் என்ற கிரேக்க மருத்துவர் இந்த முடிச்சைப் போட்டுவிட்டார். அவர் சொல்லும் உதாரணங்களில் காமாலைக் கண்ணும் உண்டு, நம் பழமொழியேதான். நாம் அதைக் காமாலைக்காரனைக் குத்திக்காட்டச் சொல்கிறோம். அவரோ காமாலை இல்லாதவனையும் நிறுத்திக் கேட்கிறார்: உன் கண்ணுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

புதுக் கண் காட்டுவதுதானே நிஜம் என்று டாக்டரைக் கேட்டேன். பிறவி லென்ஸே புற ஊதா ஒளியை வடிகட்டிவிடுமாம், ஆபரேஷனில் அதற்குப் பதிலாக வைத்த லென்ஸும் அப்படித்தானாம். அந்த ஒளி தேனீக்குத் தெரிகிறது. நாம் வெறும் மஞ்சள் என்று நினைக்கும் பூவில் அது கோலம் பார்க்கிறது.

நீ நினைப்பதுபோல் செக்ஸ்டஸ் விதண்டாவாதி இல்லை. தேன் இனிப்பாகப் படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறார்; தேனின் இயல்பே இனிப்பா என்றால்தான் வாய் திறக்க மாட்டார். அவரைப் போன்ற சந்தேகவாதிகளை ஸ்கெப்டிக் என்பார்கள்; அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் விசாரிப்பவன் என்றுதான் பொருள். உன் பழமொழியை அவரிடம் கொடுத்தால் 'தீர' என்பதை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பித் தருவார்.

அடுத்த மாதம் வலது கண். அதுவும் ஆகிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கண் இருக்காது. அதனால் வீட்டில் ஒவ்வொன்றையும் கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன். பேரன் நான் கண்ணடிப்பதாக நினைத்துப் பதிலுக்குக் கண்ணடிக்கிறான்.

அப்புறம், உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்