களர் நிலத்துக்குக் கரி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றை மட்டுப்படுத்தி எரித்த, பயோசார் எனப்படும் உயிர்க்கரி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, கெட்டுப்போன எந்த நிலத்துக்கும் ஏக்கருக்கு 2 டன் கரி போட்டால் மண் திருந்திவிடும் என்கிறது. செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் அது பொருந்தும். களர் நிலக்காரர் அதை நம்பி இறங்கினால் பணமும் போகும், ஒரு போகமும் போகும்.

உவர் வேறு, களர் வேறு. உவர் மண்ணில் உப்பு கரைந்த நிலையில் இருக்கிறது; நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே இறங்கிவிடும். களரில் சோடியம் களித் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டும், மாற்றுச் சோடியம், அதாவது களித் துகளில் ஒட்டியுள்ள சத்துகளில் சோடியத்தின் பங்கு, 15 சதவீதத்துக்கு மேல் போகும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் மழைநீர் ஊற்றி, சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை மெதுவாக உள்ளே விட்டு, ஆட்டாமல் வையுங்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கோளாறு வேறு எதுவோ. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோலக் கலங்கல் படர்ந்து, மறுநாளும் தெளியாமல் நின்றால் சோடியம்தான். போர் தண்ணீரில் இதைச் செய்யக்கூடாது. அதிலுள்ள உப்பே கலங்கலைப் படியவைத்து நம்மை ஏமாற்றிவிடும்.

இந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்கார வேண்டும். அந்த அளவு கால்சியம் கரியில் இல்லை, கால்சியம் சல்பேட்டான ஜிப்சத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு ஆகாது, களர் மண்ணின் காரத்தில் அது கரையவே கரையாது. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டுப் பழகியவர்கள் இங்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். அது காய்க்கு இடும் சத்து. மண்ணைச் சீர்திருத்துவது டன் கணக்கு வேலை. மண் பரிசோதனையில் ‘ஜிப்சம் தேவை’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏக்கருக்கு 4 டன் என்று வந்தால், நெல்லுக்குப் பாதி, அதாவது 2 டன் போதும். வாங்கும் ஜிப்சத்தின் தரம் 70 சதவீதம்தான் என்றால் அந்த 2 டன் ஏறக்குறைய 2.9 டன் ஆகிவிடும். 2 மில்லிமீட்டர் சல்லடையில் விழும் தூளாக இருக்க வேண்டும். கட்டியாகப் போட்டால் மேலே சுண்ணாம்புத் தோல் படிந்து உள்ளே இருப்பது கரையாமல் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வடிகால். வயலைச் சமப்படுத்தி, பாத்தி பிரித்து, வரப்பை உயர்த்தி, வயல் மட்டத்துக்குக் கீழே 2 அடி ஆழத்தில் வடிவாய்க்கால் எடுத்துவிட வேண்டும். ஜிப்சத்தைத் தூவி மேல் 10 சென்டிமீட்டருக்குள் கலக்க வேண்டும். ஆழ உழுதால் நீர்த்துப்போகும். தண்ணீர் கட்டி, சேறடித்து, இரண்டு நாள் நிறுத்தி வடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. நடுவில் வயலைக் காயவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. காய்ந்த மண்ணில் சோடிய உப்பு மேலேறி வெள்ளையாகப் பூத்துவிடும், செய்த வேலை அத்தனையும் வீண். வடியும் தண்ணீரைப் பக்கத்து வயலில் விட்டுவிடாதீர்கள். நம் நிலத்துச் சோடியம் முழுக்க அதில்தான் போகிறது.

மண்ணில் கரிமம் சேர்ப்பது அடுத்துத்தான். அதிலும் முதலில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு: ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழவு. அது மட்கும்போது வரும் கரியமில வாயு மண்ணிலேயே உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கால்சியத்தையும் விடுவிக்கும். அடுத்து நடும் நெல் திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகமாக இருக்கட்டும். நாற்றைக் குத்துக்கு நான்காக வைத்து, ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் போடலாம்.

சீமைக் கருவேலக் கரியை அதற்கப்புறம் யோசிக்கலாம். ஒடித்தால் கணீரென்று முறிய வேண்டும், உள்ளே பழுப்பு தெரியக்கூடாது. பழுப்பும் புகைநெடியும் இருந்தால் தார் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், விதை முளைப்பைக் கெடுக்கும். குழியில் எரித்துத் தண்ணீர் தெளித்து அணைக்காமல் விட்டால் வெண்சாம்பல்தான் மிஞ்சும். சாம்பல் காரம்; களரில் அது எரிகிற வீட்டில் எண்ணெய். அரிசி ஆலையில் கிடைக்கும் வெளுத்த உமிச்சாம்பலைக் கரி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நல்ல கரியையும் பச்சையாகப் போடாமல், இரண்டு பங்கு மட்கிய தொழுவுரத்தோடு ஈரமாகக் கலந்து மூன்று வாரம் குவித்து வைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பயிருக்கு இடும் தழைச்சத்தை முதலில் கரி பிடித்துக்கொண்டு, இளம்பயிர் மஞ்சளாக நிற்கும்.

இனி மண் சீர்திருத்தப் பொருள் எதைப் பற்றி எழுதினாலும், அது எந்த மண்ணுக்கு, எந்தப் பரிசோதனை முடிவுக்கு என்பதைத் தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள். பாசனத் தண்ணீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் (தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் உள்ள போர் தண்ணீரையே பாய்ச்சிக்கொண்டிருந்தால் திருத்திய நிலம் சில வருடங்களில் மறுபடி களராகிவிடும். வேறு தண்ணீர் இல்லாதவர்கள் வாய்க்காலில் தொட்டி கட்டி, ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, அதன் வழியாகத் தண்ணீரை விட்டுப் பாய்ச்சலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி