டிஸ்சார்ஜ் புக்கைக் காயவைத்துத் தந்த தங்கச்சிக்கு

ஏரல் பக்கத்துச் சனங்க எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம தூத்துக்குடிப் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி கிடந்த அப்பாவை வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்த்த மீனவ அண்ணன்மார், டவர் இல்லாத நேரத்தில் எங்கேயோ நடந்து போய் "அப்பா நல்லா இருக்காரு" என்று சென்னைக்குத் தகவல் சொன்ன பக்கத்து வீட்டுச் சித்தப்பா, பள்ளிக்கூடத்தில் வைத்துச் சோறு பொங்கிய அக்காமார், வீட்டுக்குள் முட்டளவு கிடந்த சகதியை அள்ளிய தம்பிகள், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கச்சியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பேர் போடாதீங்க என்று சொல்லிவிட்டாள், போடவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா தேடியது டிரங்குப் பெட்டியைத்தான். மேலே வெள்ளை பெயின்டில் அவர் நம்பரும் பேரும் எழுதிய பெட்டி. திறந்தால் உள்ளேயும் சகதி. 71 பாகிஸ்தான் சண்டைக்காக அப்பாவுக்குப் பட்டாளத்தில் கொடுத்த சங்கிராம் மெடலும் பஸ்சிமி ஸ்டாரும் கழுவியதும் தேறிவிட்டன, ரிப்பன்தான் சாயம் போய்விட்டது. பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த, அவர் சர்வீஸ் விவரமெல்லாம் இருக்கிற டிஸ்சார்ஜ் புக் மட்டும் நனைந்த செங்கல் மாதிரி ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. நான் பிரிக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். அவளுடைய மிஷினைச் சாய்த்து வைத்திருந்தாள், தட்டு வழியாகச் செம்மண் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையில் இதைக் கேட்கவே வாய் வரவில்லை. அவளாகவே வாங்கிப் பார்த்து, "இழுக்காதீங்கண்ணே, கிழிஞ்சிரும், வச்சிட்டுப் போங்க" என்றாள். தென்னை ஈர்க்கை நைசாகச் சீவி ஒவ்வொரு தாளாக நெம்பினாள். ஊரிலேயே காய்ந்த பேப்பர் கிடையாது அப்போது. அவள் கடையில் மேல் தட்டில் இருந்ததால் தப்பித்த ஒரே ஒரு ஏ4 கட்டு, விற்றால் காசு, அதை உடைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் வைத்தாள், ஈரம் ஏற ஏற மாற்றினாள். கரண்டும் இல்லை. பனையோலை விசிறியை வைத்தே மூன்று நாள் வீசினாள்.

அந்த மூன்று நாளும் அப்பா அவள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒவ்வொரு பக்கமாக எழுத்துக்கூட்டிக் கேட்டாள், "தாத்தா, 16 மெட்ராஸ்னா என்ன?" அது மெட்ராஸ் ரெஜிமென்டில் அப்பா இருந்த பட்டாலியன். நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை, இந்தப் பிள்ளை கேட்டது, அவர் சொன்னார். 1969ல் வெலிங்டனில் ரிக்ரூட்டாகப் போய் நின்றது. 1971 டிசம்பர் 15 ராத்திரி பாகிஸ்தானில் சக்கர்கர் பக்கம் பசந்தர் ஆற்றைத் தாண்டியது, சாப்பர்கள் என்கிற பட்டாளத்து இன்ஜினியர்கள் கண்ணிவெடியை எடுத்து வழி போட்டுக் கொடுக்கக் கொடுக்க டாங்கிகள் வரும்வரை அக்கரையில் பிடித்த இடத்தை விடாமல் கிடந்தது. "சுட்டதை விட மண்ணைத் தோண்டினதுதான் அதிகம் தாயி, காலாட்படைக்காரனுக்கு மண்வெட்டிதான் பாதி உசிரு" என்றார். 17ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குச் சண்டை நின்றதாம். 52 வருஷம் கழித்து அதே 17ஆம் தேதிதான் இங்கே தண்ணீர் ஏறியது.

அந்தச் சண்டையில் உயிர்விட்ட அவருடைய பட்டாலியன் தலைவர் (சி.ஓ.) லெப்டினன்ட் கர்னல் வி.பி. கய், காயத்தோடு துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியைச் செருகிக்கொண்டு பாய்ந்த ஹவில்தார் தாமஸ் பிலிப்போஸ், இரண்டு பேருக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. அவர்கள் பேரைத் தேடினால் புத்தகத்தில் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். சிப்பாயாகப் போய் நாயக்காகத் திரும்பி வந்த எங்க அப்பா அங்கே இருந்தார் என்பதற்கு இந்த ஒரு புக்தான் இருக்கிறது. அதைத்தான் நீ காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய் தங்கச்சி. இரண்டு பக்கத்தில் மை கலைந்துவிட்டது, போட்டோ உரிந்துவிட்டது, மற்றதெல்லாம் படிக்க முடிகிறது. கடைசிப் பக்கத்தில் நன்னடத்தைக்கு நேராக 'எக்ஸம்ப்ளரி', அதாவது முன்மாதிரியானது, என்று எழுதியிருப்பது ஒரு எழுத்துக்கூட அழியவில்லை, அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அப்பா அடுத்த நாள் விடியற்காலையில், 73 வயசில், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கடைக்குச் சகதி அள்ளப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் சொல்லச் சொல்ல இனி ஒரு நோட்டில் எழுதி வைக்கப் போகிறேன், இதுவரை கேட்காமல் விட்டதற்கு வருத்தமாக இருக்கிறது. மிஷினுக்குப் பார்ட்ஸ் சொல்லியிருக்கிறோம். வந்து ஓடினதும் முதல் காப்பி தன் புக்தான் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். என்றைக்குக் கடை திறக்கிறாய் என்று மட்டும் சொல்லும்மா, ரெண்டு பேரும் வந்துவிடுகிறோம்.